உங்கள் லோகோவின் கீழ் ஓடுவது எங்கள் உழைப்பு

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பெரிய முகநூல் பக்கங்களையும் டிக்டொக், யூடியூப் கணக்குகளையும் நடத்தும் நிர்வாகிகளுக்கும், அப்பக்கங்களுக்கு விளம்பரம் கொடுக்கும் வர்த்தகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

உங்களில் சிலர் கூடிப் பேசி எடுத்த முடிவு வட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி எனக்கும் வந்து சேர்ந்தது. “பப்ளிக்கில் போட்ட வீடியோ, போட்டோ எல்லாருக்கும் பொது. எடுத்தவரின் பெயரைப் போட்டால் போதும், காசு கேட்க ஏலாது. ரிப்போர்ட் அடிக்கிறவர்களின் கடை விளம்பரம், கோயில் திருவிழா, மரண அறிவித்தல் எதையும் இனி நமது பேஜ்களில் போடுவதில்லை.” ரிப்போர்ட் அடிப்பது என்றால், தன் ஆக்கத்தைக் கேட்காமல் எடுத்துப் போட்டதாகத் தளத்துக்கு முறைப்பாடு செய்வது. அதன் கீழே உங்கள் பக்கங்களின் லோகோக்கள் வரிசையாக இருந்தன.

இதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. மரண அறிவித்தலையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். எங்கள் ஊர்களில் ஒரு சாவு விழுந்தால், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்கும் அடுத்த ஊரிலிருக்கும் மச்சானுக்கும் இப்போதெல்லாம் முதலில் செய்தி போவது உங்கள் பக்கங்கள் வழியாகத்தான். மக்கள் உங்களை நம்பி அந்த இடத்தைத் தந்திருக்கிறார்கள். அந்த இடத்தை வைத்துக்கொண்டே, தன் உழைப்பைத் திருப்பிக் கேட்பவரை ஊரிலிருந்து தள்ளி வைப்போம் என்கிறீர்கள்.

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்தவன். மட்டக்களப்பு நகரில் சிறியதொரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடு, சாமத்திய வீடு, கடைத் திறப்பு விழா என்று கமராவைத் தூக்கித்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. கூத்துக் காலம் வந்தால் சம்பளம் பேசாமல் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்கிறேன். உங்களில் பலரை எனக்கு நேரே தெரியும். சிலருடைய வீட்டுக் கல்யாணத்தைப் படம் பிடித்தவனும் நான்தான். அதனால் இதை யாரோ ஒருவர் எங்கிருந்தோ எழுதிய கடிதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சென்ற பருவத்தில் ஓர் ஊரில் வடமோடி என்ற பாணியில் ஆடும் கூத்தொன்று அரங்கேறியது. அரங்கேற்றம் என்றால் ஓர் இரவு. அதற்கு முன்னால் மாதக் கணக்கில் வேலை இருக்கிறது. சட்டம் என்னும் பாத்திரப் பாட்டுகளைக் கொடுத்து, ஆடுகளமான களரியில் பழக்கி, சதங்கை அணிந்து, அடுக்கு என்னும் முழு ஒத்திகை பார்த்து முடியும் வரை, பகலில் வயலிலும் வாவியிலும் நின்ற ஆட்கள் இரவில் தூக்கத்தை விட்டு ஆடுகிறார்கள். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாருக்குத் தொண்டை கட்டிவிடும், ஆனாலும் கையிலுள்ள சல்லாரித் தாளத்தைக் கீழே வைக்க மாட்டார். உடுப்புக்கும் பந்தலுக்கும் வெளிச்சத்துக்கும் ஊரே காசு போடுகிறது. அன்றிரவு நானும் விடிய விடியப் பதிவு செய்தேன். விடியப் போகும் நேரத்தில் அரசன் வரவு. மத்தளக்காரர் ஒரு தாளக்கட்டை முடித்து அடுத்ததற்கு மாறும் இடத்தில், கரப்புடுப்பு என்னும் அகன்ற கூத்துடை சுழன்றுகொண்டிருக்கும்போதே ஆடுபவரின் வலது கால் ஒரு கணம் மண்ணைத் தொடாமல் நிற்கும். பார்ப்பவர்களுக்கு அது தெரியாமலே போய்விடலாம். ஆடுபவருக்கும் மத்தளக்காரருக்கும் அண்ணாவியாருக்கும் தெரியும். அந்தக் கணம் கமராவில் விழ வேண்டுமென்று வட்டக்களரியின் ஓரத்தில் மண்ணில் படுத்துக்கிடந்தேன். விழுந்தது.

முழுக் கூத்தையும் ஊர்ப் பிள்ளைகள் நடத்தும் யூடியூப் அலைவரிசையில் ஏற்றினோம். சில நாட்களில் உங்கள் பக்கங்களில் ஒன்றில் அந்த அரசன் வரவைக் கண்டேன். ஒரு நிமிடத்துக்குள் வெட்டியிருந்தார்கள். மூலையில் இருந்த ஊரின் பெயர் தெரியாதபடி ஓரங்களை நறுக்கியிருந்தார்கள். மேலே பக்கத்தின் லோகோ, கீழே ஒரு தொலைபேசிக் கடையின் விளம்பரம். மத்தளத்தை அழித்துவிட்டு அதன் மேல் ஒரு சினிமாப் பாட்டு. கால் மண்ணைத் தொடாமல் நிற்கும் அந்த இடம் பாட்டோடு பொருந்தவில்லை என்பதால் அதையும் வெட்டி எறிந்திருந்தார்கள். பார்வைகள் லட்சக் கணக்கில் ஏறின. அண்ணாவியாரின் பேரன் அதைக் கொண்டுபோய் அவருக்குக் காட்டியபோது நானும் அங்கே இருந்தேன். அவர் காசைப் பற்றிக் கேட்கவில்லை, பெயரைப் பற்றியும் கேட்கவில்லை. “மத்தளம் எங்க மனே?” என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சினிமாப் பாட்டு என்ன செய்தது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் அது உங்களுக்கும் நட்டம். பெரிய தளங்களில் பாட்டுகளை அடையாளம் காணும் தானியங்கி முறைகள் இருக்கின்றன. யூடியூப்பில் அதற்கு கொன்டென்ட் ஐடி என்று பெயர். பாட்டின் உரிமையாளர் விரும்பினால் அந்தக் காணொளியில் வரும் விளம்பரப் பணத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். படுவான்கரையில் ஊர் காசு போட்டு ஆடிய கூத்தின் வருமானம் இப்படி எங்கோ இருக்கும் ஒரு பாட்டு நிறுவனத்துக்குப் போய்விடும். ஆடியவருக்கு இல்லை, பதிந்தவருக்கு இல்லை, உங்களுக்கும் இல்லை. உங்களுக்குக் கிடைத்தது கடைக்காரர் தந்த புரமோஷன் காசு மட்டுமே.

அந்தப் பக்கத்தின் நிர்வாகியுடன் தொலைபேசியில் பேசினேன். “முகநூலில் ஏறின பிறகு அது மெட்டாவுக்குச் சொந்தம், உங்களுக்கு என்ன உரிமை?” என்றார். இந்த எண்ணம் அவருக்கு மட்டும் இல்லை, உங்கள் முடிவின் முதல் வரியிலும் இதுதான் இருக்கிறது. ஆகவே இதைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

முகநூலை நடத்தும் நிறுவனமான மெட்டாவின் பயன்பாட்டு விதிகளை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். நாம் உருவாக்கிப் பகிரும் ஆக்கத்தின் உரிமை நம்மிடமே இருக்கிறது என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. நாம் கொடுப்பது ஓர் அனுமதி. அந்த ஆக்கத்தைச் சேமித்து வைக்கவும், பிறருக்குக் காட்டவும், பிரதி எடுக்கவும், தேவைக்கேற்ப மாற்றவும், உலகம் முழுதும், கட்டணம் இல்லாமல் அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கும் அனுமதி. மிகப் பரந்த அனுமதிதான். அது நியாயமா என்பது தனிப் பேச்சு, எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் அது மெட்டாவுக்குக் கொடுத்தது. நாம் நமது பதிவை அழித்து, அது அவர்களுடைய கணினிகளிலிருந்து நீங்கினால் அந்த அனுமதியும் முடிந்துவிடும். யூடியூப்பின் விதிகளும் உரிமை ஆக்கியவரிடமே இருக்கும் என்றுதான் சொல்கின்றன. காணொளியை இறக்கி, ஓரம் நறுக்கி, தன் லோகோவை ஒட்டி மறுபடியும் ஏற்றலாம் என்று எந்த விதியிலும் யாருக்கும் அனுமதி கொடுத்ததாக இல்லை. வீதியோரத்து வயலுக்கு வேலி இல்லை என்பதற்காக வேளாண்மையை வெட்டிக்கொண்டு போவோமா?

ஷெயார் பொத்தான் வேறு. எங்கள் பதிவை நீங்கள் அந்தப் பொத்தானை அழுத்திப் பகிர்ந்தால் பார்ப்பவர் எங்கள் பக்கத்துக்கு வருகிறார், பார்வை எங்களுக்கு ஏறுகிறது, நாங்கள் அழித்தால் உங்களிடமும் அழிகிறது. அதற்கு நாங்கள் எவரும் இதுவரை மறுப்புச் சொன்னதில்லை. உங்கள் பக்கத்தில் அப்படிப் பகிரப்பட்டால் எங்களுக்குப் பெரிய உதவியும்கூட. அந்தப் பொத்தான் கைக்கெட்டும் இடத்திலேயே இருந்தும் ஏன் இறக்கி ஏற்றுகிறீர்கள்? பார்வையும் பின்தொடர்பவர்களும் உங்கள் கணக்கில் சேர வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நாட்டின் சட்டத்துக்கு வருவோம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஓர் ஒளிப்படமோ காணொளியோ உருவான அந்தக் கணத்திலேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, மூலையில் அடையாளம் இட வேண்டியதும் இல்லை. ஒளிப்படம் போன்ற ஆக்கங்களுக்குப் பொதுவாக ஆக்கியவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் அது நிலைக்கும். தெரிந்துகொண்டே மீறினால் நீதவான் நீதிமன்றத்தில் 5 இலட்சம் ரூபா வரை அபராதமும் 6 மாதம் வரை சிறையும் விதிக்க இடமுண்டு. பெயரைப் போட்டால் போதும் என்கிறீர்களே, அதே சட்டத்தில் ஆக்கியவருக்கு இருவகை உரிமைகள் இருக்கின்றன. தன் பெயர் குறிக்கப்படுவதும், தன் ஆக்கம் சிதைக்கப்படாமல் இருப்பதும் ஒருவகை. அதைப் பிரதி எடுப்பதையும் பொதுமக்களுக்குக் காட்டுவதையும் அனுமதிப்பதும் மறுப்பதும், அதனால் வரும் பொருளும் இன்னொருவகை. முதலாவதைக் கொடுத்ததால் இரண்டாவது தீர்ந்துவிடாது. மத்தளத்தை அழித்துவிட்டுச் சினிமாப் பாட்டைப் போட்டவர்கள் முதலாவதையும் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் நான் என் பக்கத்தையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கூத்து எனக்குச் சொந்தம் என்று நான் எந்த நாளும் சொன்னதில்லை. கமரா பிடித்தவனுக்குப் பதிவின் மேல்தான் உரிமை. ஆடியவர்களுக்கு அவர்களுடைய ஆட்டத்தின் மேல் தனி உரிமையைச் சட்டமே தந்திருக்கிறது. கூத்து, கவி, வசந்தன், பொல்லடி போன்ற நாட்டார் கலைகளை அவற்றின் வழமையான சூழலுக்கு வெளியே வணிகத்துக்காக எடுப்பது பற்றி அதே சட்டத்தின் 24 ஆம் பிரிவு பேசுகிறது. எங்கள் ஊர்ப் பதிவுகளுக்கு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். அலைவரிசையில் ஏதாவது வந்தால் உடுப்புக்கு ஒரு பங்கு, அண்ணாவியாருக்கும் மத்தளக்காரருக்கும் ஒரு பங்கு, பதிவுச் செலவுக்கு ஒரு பங்கு. வக்கீல் எழுதிய தாள் இல்லை. கோயில் மண்டபத்தில் இருந்து எல்லாரும் பேசி எழுதியது. ஆனால் அதில் எல்லாருடைய பெயரும் இருக்கிறது. அம்மன் கோயில் குளுத்தி போன்ற சடங்குகளை வருமானத்துக்குப் போடுவதில்லை என்றும் அதிலேயே எழுதியிருக்கிறோம். இப்படியொரு தாளை உங்களில் ஒருவரும் எங்களிடம் கேட்டதில்லை.

கல்முனைக்கு வடக்கே மருதமுனையில் எனக்குத் தெரிந்த ராத்தா, அதாவது முஸ்லிம் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர்களின் வீட்டில் வாப்பா காலத்திலிருந்தே கைத்தறி. முன்பு கடைக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர், பிறகு தானே முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் படம் போட்டு விற்கத் தொடங்கினார். ஆரம்பத்தில் நான் சில படங்கள் எடுத்துக் கொடுத்தேன். பிறகு கைத்தொலைபேசியில் தானே எடுக்கப் பழகிக்கொண்டார், என்னைவிட நன்றாக எடுக்கிறார் என்றே சொல்வேன். வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு பழைய வாங்கு. காலை வெயில் சரிந்து விழும் நேரத்தில் அதில் சேலையை விரித்து, முந்தானையின் குஞ்சத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து மறு கையால் எடுப்பார். முகம் காட்டுவதில்லை. மருதோன்றி போட்ட விரல்கள் மட்டும் படத்தில் இருக்கும். நூலின் முறுக்கும் கைத்தறியில் மட்டும் வரும் சிறு ஏற்ற இறக்கமும் அந்த வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும், கடல் கடந்தும் அவருக்கு ஓடர் வந்தது அந்தப் படங்களைப் பார்த்துத்தான்.

அதே படங்கள் உங்கள் பக்கங்களில் ஒன்றில் வேறொரு கடையின் விளம்பரமாக வந்தன. மின்தறியில் நெய்த இறக்குமதிச் சேலைக்கு “அசல் மருதமுனைக் கைத்தறி” என்று பெயர், விலையோ அவர் விற்பதில் பாதி. ஒரு படத்தில் சேலையின் நிறத்தை ஏஐ கொண்டு மாற்றியிருந்தார்கள். விரல்களும் மருதோன்றியும் அப்படியே இருந்தன. வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். ஏமாந்தவர்களில் சிலர் படத்தை வைத்துத் தேடி ராத்தாவைக் கண்டுபிடித்து அவரைத் திட்டினார்கள். வழக்கமாக வாங்கிக்கொண்டிருந்தவர்களோ, அங்கே பாதி விலைக்குக் கிடைப்பதை நீங்கள் ஏன் இவ்வளவுக்கு விற்கிறீர்கள் என்று கேட்டார்கள். நூலுக்கும் சாயத்துக்கும் நெய்பவரின் கூலிக்கும் கொடுத்த பிறகு குறைப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. இப்போது அந்த வீட்டில் சில தறிகள் சும்மா நிற்கின்றன. “என்ட கைய வைச்சே எனக்கு அடிக்கிறாங்க தம்பி” என்று அவர் சொன்னதை உங்களிடம் அப்படியே தருகிறேன்.

பக்கத்தை நடத்துபவர் விளம்பரத்தைத்தான் போட்டார், படத்தைக் கடைக்காரர்தான் தந்தார் என்று சொல்லலாம். சரி. ராத்தா தன் மூலப் படங்களை, எடுத்த திகதியோடு உங்கள் இன்பொக்ஸில் அனுப்பினார். பார்த்ததற்கான அடையாளமும் விழுந்தது. பதில் வரவில்லை, படம் இறங்கவும் இல்லை. அதன் பிறகு அந்தத் தவறில் உங்களுக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

“ரெண்டு வீடியோ போனால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?” என்று கேட்பவர்களுக்காக, எங்களைப் போன்றவர்களுக்கு இதில் பணம் எப்படி வருகிறது என்பதைச் சொல்கிறேன். கூகுளின் அட்சென்ஸ் விளம்பரத் திட்டம் தமிழை ஏற்றுக்கொண்டது 2018 இல்தான். யூடியூப்பில் விளம்பர வருமானத்துக்குத் தகுதி பெற ஓர் அலைவரிசைக்கு 1,000 சந்தாதாரர்கள் வேண்டும், முந்திய 12 மாதங்களில் 4,000 மணிநேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும். குறுங்காணொளி என்றால் 90 நாளில் ஒரு கோடி பார்வை. இதைத் தாண்டினால் நீண்ட காணொளிகளின் விளம்பரப் பணத்தில் 55 வீதம் ஆக்கியவருக்கு. கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதி செய்ய ஓர் இரகசிய இலக்கம் தபாலில் வரும். வீட்டிலக்கமே இல்லாத ஊர்களுக்கு அந்தத் தபால் வந்து சேர வேண்டும். 100 டொலர் சேர்ந்த பிறகுதான் பணம் வங்கிக்கு வரும். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் நேராகப் பணம் வாங்கலாம் என்றால், பேபால் என்ற இணையப் பணச் சேவையில் பணம் பெறும் வசதி இலங்கையருக்குப் பல ஆண்டுகளாகவே இல்லாமல் இருந்து வந்திருக்கிறது.

ஆனாலும் வழி இருக்கிறது. எங்களுடைய ஆட்கள் சுவிஸிலும் இலண்டனிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். அந்த நாடுகளிலிருந்து பார்த்தால் விளம்பரத்துக்குக் கிடைக்கும் தொகையும் கூட. இரவிரவாக ஆடிய கூத்தை ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக இருந்து மணிக்கணக்கில் பார்க்கக்கூடியவர்கள் அவர்கள். அந்த 4,000 மணிநேரம் எங்களுக்கு அவர்களிடமிருந்துதான் வர வேண்டும். நீங்கள் ஒரு நிமிடத் துண்டை உங்கள் பக்கத்தில் போட்டதும் அவர்கள் அதைப் பார்த்து, ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். முழுக் கூத்து எங்கே இருக்கிறது, எந்த ஊர், யார் அண்ணாவியார் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழியில்லை, ஏனென்றால் அந்த ஓரத்தைத்தான் நீங்கள் நறுக்கிவிட்டீர்கள். ஊர்ப் பிள்ளைகளின் அலைவரிசை இன்னும் தகுதி எல்லையைத் தாண்டவில்லை. அரசாங்கமோ 2025 ஏப்ரலில் இருந்து, இப்படி வெளிநாட்டு நாணயத்தில் வரும் சேவை வருமானத்துக்கு 15 வீதம் வரையில் வரி விதிக்கிறது. அரசு வருமானமாகக் கணக்கெடுக்கும் ஒன்றை நீங்கள் இலவசம் என்கிறீர்கள்.

ரிப்போர்ட் அடிப்பதைப் பற்றியும் பேச வேண்டும், உங்கள் முடிவில் நீங்கள் அஞ்சுவது அதற்குத்தான். பதிப்புரிமை முறைப்பாடு செய்யும்போது எங்கள் முழுப் பெயரையும் மின்னஞ்சலையும் கொடுக்க வேண்டும். அவை முறைப்பாட்டுக்கு உள்ளானவரின் கைக்குப் போகலாம் என்று படிவத்திலேயே சொல்லப்படுகிறது. ராத்தா முறைப்பாடு செய்த பிறகு அவருக்கு இரவு நேரங்களில் தெரியாத இலக்கங்களிலிருந்து அழைப்புகள் வந்தன. ஒருவர் வீட்டு ஒழுங்கையின் பெயரைச் சொல்லிப் பேசினார். அதன் பிறகு அவருடைய மகன் அந்த முறைப்பாட்டைத் திரும்பப் பெறச் செய்துவிட்டார். அழைத்தவர் உங்களில் ஒருவர் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்தப் பெயரும் விபரமும் யாருக்குப் போயிருக்கும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். இணையத்தில் விற்றுப் பிழைக்கும் பெண்கள் பலர் தங்கள் படம் திருட்டுப் போவது தெரிந்தும் வாய் திறவாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். நீதிமன்றம் போகலாமே என்றால், இப்படியான சிவில் வழக்குகளை விசாரிக்கும் வணிக மேல் நீதிமன்றம் இருப்பது கொழும்பில், இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். ஒரு சேலைப் படத்துக்காக எவரால் அங்கே அலைய முடியும்? எங்களால் முடியாது என்பதைத் தெரிந்துதான் நீங்கள் துணிகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

ரிப்போர்ட் வேண்டாம் என்று நீங்கள் நினைப்பது எனக்கும் புரிகிறது. யூடியூப்பில் பதிப்புரிமை மீறலுக்கான தண்டனைப் புள்ளியான ஸ்ட்ரைக் 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் அலைவரிசையே போய்விடும். முகநூலில் பிறருடைய ஆக்கங்களைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போடும் கணக்குகளின் பரவலைக் குறைப்பதாகவும் வருமான வசதியை நிறுத்துவதாகவும் மெட்டா 2025 ஜூலையில் அறிவித்தது. ஆண்டுக் கணக்கில் நீங்கள் வளர்த்த பக்கம் அது. அது போக வேண்டுமென்று எனக்கு ஆசையில்லை. ஆனால் எங்களைப் பகிஷ்கரிப்பதால் அது காப்பாற்றப்படாது.

எல்லாவற்றுக்கும் காசு கேட்கிறோம் என்ற பேச்சும் உலவுகிறது. வெள்ள காலத்தில் எந்தப் பாதை மூடியிருக்கிறது, எந்தப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்கிறது என்று நாங்கள் போடும் காணொளிகளை எடுங்கள், கேட்காமலே எடுங்கள், வெட்டியும் போடுங்கள். காணாமற்போனவர் பற்றிய அறிவித்தல், இரத்தம் தேவை என்ற அறிவித்தல் எல்லாம் அப்படித்தான். அவற்றை யாரும் உரிமை கொண்டாடப் போவதில்லை. செய்தி சொல்வதற்கும், ஒருவருடைய உழைப்பின் மேல் மற்றவர் கடை விளம்பரம் ஒட்டுவதற்கும் இடையில் எங்கே கோடு விழுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

விளம்பரம் கொடுக்கும் வர்த்தகர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. நீங்கள் பக்கத்துக்குக் கொடுக்கும் காசு, உங்கள் விளம்பரம் ஒட்டப்படும் அந்தக் காணொளிக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்திருப்பீர்கள். அதில் ஒரு சதமும் அதை உருவாக்கியவருக்குப் போவதில்லை. உங்கள் கடையின் பெயர் களவாகப் பெறப்பட்ட ஒன்றின் மேல் நிற்கிறது. முறைப்பாடு வந்து அது நீக்கப்பட்டால் உங்கள் விளம்பரமும் அதோடு போகிறது. நேராக அந்த ஊரிடமே பேசியிருந்தால், கூத்தின் தொடக்கத்தில் உங்கள் கடையின் பெயரை அண்ணாவியாரே மகிழ்ச்சியோடு சொல்லியிருப்பார். அதற்குக் கேட்கும் தொகை உடுப்புச் செலவைத் தாண்டியிருக்காது.

நான் கேட்பவை இவைதான்.

அந்த மூன்று வரி முடிவை இந்த மாத இறுதிக்குள் திரும்பப் பெறுங்கள். அதை எந்தக் குழுக்களில் போட்டீர்களோ, அதே குழுக்களில் திரும்பப் பெற்றதையும் அறிவியுங்கள். வேறெதையும் செய்ய மறுத்தாலும் மரண அறிவித்தலை அதிலிருந்து இன்றைக்கே எடுங்கள்.

எங்கள் பதிவு வேண்டுமென்றால் ஷெயார் பொத்தானைப் பயன்படுத்துங்கள். இறக்கி ஏற்றத்தான் வேண்டுமென்றால் முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பிச் சம்மதம் வாங்குங்கள். ஆக்கியவரின் பெயர், ஊர், மூல இணைப்பு மூன்றையும் பதிவின் முதல் வரியில் போடுங்கள், கொமன்ட்டில் போட வேண்டாம். ஓரத்தை நறுக்காதீர்கள். கூத்தின் ஒலியை மாற்றாதீர்கள்.

விளம்பரம் ஒட்டிய எந்தப் பதிவுக்கும் ஆக்கியவரோடு பேசி ஒரு பங்கு கொடுங்கள். எவ்வளவு என்பதை நான் ஒருவன் சொல்வது முறையில்லை. பக்க நிர்வாகிகள், படப்பிடிப்பாளர்கள், கைத்தறி, பனையோலை வேலை போன்றவற்றை இணையத்தில் விற்பவர்கள், அண்ணாவிமார் எல்லாரும் ஓரிடத்தில் இருந்து பேசித் தீர்மானிக்கலாம். கல்லடியிலோ கல்முனையிலோ கூட்டுங்கள், வருகிறோம். பெண் வியாபாரிகளுக்கு அந்தக் கூட்டத்தில் பேச இடம் வேண்டும்.

முறைப்பாட்டைப் பெறுவதற்கு ஒவ்வொரு பக்கத்திலும் ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். ஆக்கியவர் மூலத்தைக் காட்டினால் 48 மணி நேரத்துக்குள் பதிவை இறக்குங்கள். முறைப்பாடு செய்தவரின் பெயரோ தொலைபேசி இலக்கமோ முகவரியோ உங்கள் கையிலிருந்து வேறெவருக்கும் போகாது என்று எழுத்தில் உறுதி தாருங்கள்.

மருதமுனைச் சேலைப் படங்களைப் போட்ட பக்கம், அவை யாருடைய படங்கள், விற்கப்பட்ட சேலை எந்தத் தறியில் நெய்தது என்ற திருத்தத்தை, விளம்பரம் வந்த அதே பக்கத்தில், அதே அளவு நாட்கள் மேலே நிறுத்தி வைக்க வேண்டும். அந்த விளம்பரத்தைக் கொடுத்த கடைக்காரரும் அந்த நெசவு வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும்.

அரசன் வரவை எடுத்த பக்கம் அந்தத் துண்டை நீக்கிவிட்டு, ஊர்ப் பிள்ளைகளின் அலைவரிசையில் இருக்கும் முழுக் கூத்தை மத்தளத்தோடு ஷெயார் செய்ய வேண்டும். இணைப்பை உங்கள் இன்பொக்ஸில் மறுபடியும் அனுப்பியிருக்கிறேன்.